கட்டையின் கழுத்தில் ஒரு விரிசல்

குலசேகரத்தில் பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்த்துப் பாலிஷ் போடும் கடை வைத்திருந்தேன். கணவர் மஸ்கட்டில் இருந்தார். என் கடைக்கு எதிரே ஒரு வங்கி. அதன் வாசலில் ஒரு பெரியவர் காவலுக்கு நின்றார். பட்டாளத்திலிருந்து திரும்பியவர். சொந்த உரிமத்தில் சொந்தமாக ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்ததால்தான் அந்த வேலை கிடைத்தது. துப்பாக்கி இல்லாத காவலாளி அந்த வங்கிக்கு வேண்டாம். ஊரார் அவரைப் 'பட்டாளம்' என்பார்கள். நான் மாமா என்பேன். உறவு ஒன்றும் இல்லை. ஒரே சபை, அவ்வளவுதான்.

அவரை நினைத்தால் முதலில் காதில் விழுவது ஒரு சொல். 'நான்தான்.'

ஒரு தடவை ரப்பர் ஷீட் ஏற்றிய ஆட்டோ ஒன்று பின்னால் வந்து வங்கி வாசல் பூந்தொட்டிகளில் இடித்தது. மூன்று தொட்டி நொறுங்கியது. ஆட்டோக்காரன் இறங்கிப் பார்த்தான், ஏறிப் போய்விட்டான். மேனேஜர் வெளியே வந்தபோது இவர் சொன்னார்: "நான்தான் சார். வெயிலுக்கு நகத்தி வெக்கலாம்னு தூக்கினேன், கை தவறிட்டு." மூன்று தொட்டியும் ஒரே நேரத்தில் எப்படிக் கை தவறும் என்று மேனேஜருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இன்னொரு நாள் ஆராதனையில், ஜெபத்தின் நடுவே யாருடைய கைபேசியோ சினிமாப் பாட்டை அலறியது. எல்லாத் தலைகளும் திரும்பின. இவர் தன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அணைப்பதுபோல் அழுத்தி, தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அடுத்த வரிசையில் இருந்த எனக்குத் தெரியும், அவருடைய போன் திரையில் வெளிச்சமே வரவில்லை.

எனக்காகவும் ஒருமுறை அப்படி நின்றார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு ஒரு அலங்கார மேசையைப் பாலிஷ் போடத் தந்திருந்தார். அதை எடுக்க அவர் வந்த அன்று, முழங்கை பட்டு ஸ்பிரிட் டப்பாவை நான் கவிழ்த்துவிட்டேன். மேசையின் முகம் வெளுத்துப்போயிற்று. டீ குடிக்க வந்து நின்ற மாமா உடனே சொன்னார்: "எனக்க தோக்கு இடிச்சு மறிஞ்சிட்டு வாத்தியாரே. அவளுக்க மேல ஒண்ணும் இல்ல." தலைமையாசிரியர் கால் மணி நேரம் அவரை ஏசினார். தோக்கு என்று மாமா சொல்லும் துப்பாக்கியைத் தோளில் போட்டபடி நின்று, ஒவ்வொரு ஏச்சுக்கும் தலையை ஆட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை.

தலைமையாசிரியர் போன பிறகு மாமாவிடம் கேட்டேன். "எதுக்கு மாமா இப்பிடிச் சொன்னீங்க?"

"ஏச்சு கேட்டு எனக்குப் பழக்கம் மக்களே. ஒனக்குப் பழக்கமில்ல."

அன்று நிம்மதியாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டு உட்கார்ந்தபோது கூச்சமாக இருந்தது. மறுநாள் அவரைப் பார்க்கக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. என் தப்பை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்ட மாதிரி.

அந்த வருஷம் மழை பிடித்த மாதம். ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க அவர் துப்பாக்கியை வழக்கம்போல் தோளில் தொங்கவிடாமல், மார்போடு அணைத்து, கட்டையின் கழுத்தில் கையைப் பொத்தி வைத்தபடியே நின்றார். கழுத்து என்பது துப்பாக்கியின் மரப் பின்கட்டையில் கை பிடிப்பதற்காக ஒடுங்கி இருக்கும் இடம். அவருக்குத் தோள்வலி என்று நினைத்தேன். மறுநாள் இரண்டாம் சனி, வங்கி விடுமுறை. காலையில் போர்வையில் சுற்றிய நீளமான பொருளோடு கடைக்குள் வந்தார்.

"ஒரு சின்ன வேல மக்களே. முந்தாநாத்து மழையில முற்றத்துல சறுக்கி விழுந்துட்டேன். எனக்க கவனக்கொறவு."

போர்வையை அவிழ்த்ததும் முதலில் துப்பாக்கியை மடக்கித் திறந்து, இரண்டு குழலும் காலி என்று எனக்குக் காட்டினார். தோட்டாக்கள் எப்போதும் வங்கியின் இரும்புப் பெட்டியில்தான் இருக்கும் என்றார். பிறகு குழலைத் தனியே கழற்றிப் போர்வையில் சுற்றித் தன் காலடியில் வைத்துக்கொண்டார். இரும்பில் நான் கை வைக்க வேண்டியதில்லை, மரம் மட்டும்தான் என் வேலை.

வால்நட் மரம், நம் ஊரில் விளையாதது. பின்பக்கத்தில் எட்டணா அளவுக்கு ஒரு பள்ளம். பக்கத்தில் இரண்டு சிராய்ப்பு. கழுத்தில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல், மயிரிழை மாதிரி. இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல அழுத்தினேன். உதடு திறப்பதுபோல் திறந்து மூடியது.

விழுந்து அடிபட்ட மரத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் விரிசல் மரத்தின் ரேகையோடு நேராக ஓடும். இது கழுத்தைச் சுற்றிச் சரிந்து போயிருந்தது. முறுக்கினால்தான் அப்படிப் போகும். பள்ளத்துக்குள் சிவப்புப் பொடி ஒட்டியிருந்தது, வீட்டுக்குள் போடுகிற சிவப்பு சிமென்ட். விழுந்தவரின் முழங்கையிலோ முட்டியிலோ ஒரு கீறல் இல்லை.

"முற்றத்துல செவப்பு சிமென்டா மாமா?"

"படியில," என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "வாற வெள்ளிக்கிழம ஆபீசுல காட்டணும் மக்களே. உரிமம் புதுப்பிக்கணும். கட்ட ஒடஞ்சிருக்குன்னு பாத்துட்டா சரியாக்கிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிருவாவ. தோக்குக் கட மதுரையில இருக்கு. அங்க குடுத்தா எப்ப வரும்னு ஆருக்குத் தெரியும். காவலுக்கு ஆள் வெக்கிய ஏஜென்சிக்காரன் மறுநாளே வேற ஆளக் கொண்டு நிறுத்திருவான்."

"நான் கட்டிலும் அலமாரியும் பாக்கியவ மாமா. ஒட்டித் தருவேன். வெடி வெச்சா தாங்குமான்னு எனக்குச் சொல்லத் தெரியாது."

"வெடிக்கப் போறதில்ல. பாக்க நல்லா இருந்தாப் போதும்."

முதலில் பள்ளம். ஈரத்துணியை மடித்து அதன்மேல் வைத்து, தேய்ப்புப் பெட்டியின் முனையால் அழுத்தினேன். ஆவி மரத்துக்குள் இறங்கினால் நசுங்கிய நார் ஊதி மேலே வரும். ஒரே தடவையில் வராது. துணியை மறுபடி நனைத்து, மறுபடி சூடு வைத்து, ஏழெட்டுத் தடவை. ஒவ்வொரு சீறலுக்கும் அவர் குனிந்து பார்த்தார். பள்ளம் மட்டத்துக்கு வந்ததும் பெருவிரலால் தடவினார். பெரிய மூச்சு ஒன்று விட்டார்.

பிறகு விரிசல். மெல்லிய தகடு ஒன்றைச் செருகி வாயைத் திறந்து பிடித்து, ஊசியில் பசையை ஏற்றி உள்ளே செலுத்தினேன். தகட்டை உருவிவிட்டு, சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டி, இழுத்து இழுத்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டினேன். கூடுதல் பசை வேர்வை மாதிரிப் பிதுங்கியது.

"இது ஒரு நாள் இப்பிடியே இருக்கணும். நாளைக்குச் சாயங்காலம் வாங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. மழை விட்டது, மறுபடி பிடித்தது. மதியச் சாப்பாட்டுக்கும் போகவில்லை. நான்கு மணிக்குக் கடை அடைக்க வேண்டும் என்றேன். அப்போது கேட்டார்: "கட்ட இஞ்ச இருக்கட்டும். குழலும் இஞ்சயே இருந்தா?"

"அது கூடாதே மாமா. உரிமம் ஒங்க பேருல இல்லியா."

"தெரியும்."

"வீட்டுல இரும்பு அலமாரி இருக்கே."

அவர் முகத்தைத் துடைத்தார். துடைத்த கை முகத்திலேயே நின்றது. அதற்குள்ளிருந்துதான் பேசினார்.

அவருக்கு ஒரே மகன். வளைகுடாவில் லாரி ஓட்டினான். ஒருநாள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன் பின்னால் நின்றிருக்கிறான். செத்துப்போனான். பின்னால் நின்று சைகை காட்ட வேண்டிய ஆளைக் கம்பெனி அன்று வேறு வேலைக்கு அனுப்பியிருந்தது. அதைச் சொன்னாலே பாதிப் பழி போயிருக்கும். இவன் போலீசிலும் கோர்ட்டிலும் ஒரே வார்த்தைதான் சொன்னான். 'நான்தான்.' சில மாதம் சிறையில் இருந்து, மார்ச்சில் ஊருக்கு வந்தவன் அறையை விட்டு வெளியே வரவில்லை.

"பள்ளிக்கூடத்துல பெஞ்சு ஒடஞ்சா, நீ ஒடச்சியோ இல்லியோ, எழும்பி நின்னு நான்தான்னு ஒத்துக்கிடணும்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்தது நான் மக்களே. ஒத்துக்கிட்டவன ரெண்டு அடிக்கு மேல ஆரும் அடிக்க மாட்டாவன்னு சொன்னேன். இப்ப அவன அடிக்க ஆளில்ல. அவனே அடிச்சுக்கிடுகான். நிறுத்தத் தெரியல அவனுக்கு."

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து, துப்பாக்கியை அலமாரியில் பூட்டி, சாவியைக் கழற்றிய சட்டையிலேயே விட்டுவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது அது மகன் மடியில் இருந்தது. "உள்ள தோட்டா இல்லேன்னு அவனுக்குத் தெரியாது," என்றார். "நான் கட்டையப் பிடிச்சேன். அவன் குழலப் பிடிச்சான். விடமாட்டேங்கான். நானும் விடல. அவனுக்க அம்ம வாசப்படியில நின்னு பாத்துட்டு இருந்தா. ஒரு சத்தம் போடல அவ."

"ஆசுபத்திரிக்குக் கொண்டு போகலியா மாமா?"

"கொண்டு போனா பைத்தியம்னு பேரு வந்துருமே. நாளைக்கு ஆரு அவனுக்குப் பொண்ணு குடுப்பா, ஆரு வேல குடுப்பா."

சபையிலும் வங்கியிலும் அவர் சொல்லிவைத்திருந்தது வேறு. தனக்கு நெஞ்சுவலி, தன்னைப் பார்த்துக்கொள்ளத்தான் மகன் வேலையை விட்டு வந்திருக்கிறான், என்று. நானும் அதை நம்பி, போன மாதம் அவருக்காக ஜெபம் செய்திருக்கிறேன். அவர் பெயரைச் சொல்லி. உள்ளே கிடந்து சாகிறவன் பெயரைச் சொல்லி ஊரில் ஒருவரும் செய்யவில்லை. ஒருவருக்கும் தெரியாது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாத்தையும் ஒங்க தலையில எடுத்து வெச்சுக்கிட்டா அவனுக்க சீக்கு மாறிருமா?"

அவர் குழலைச் சுற்றிய போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். கட்டை இல்லாத குழல் வெறும் இரும்புதான் என்று அவரே ஒருதரம் சொல்லிக்கொண்டார், எனக்குச் சொல்லவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, பசை பிடித்திருக்கிறதா என்று பார்க்கக் கடையைத் திறந்தேன். பின்னாலேயே ஒருவன் வந்து நின்றான். முப்பது வயது இருக்கும். தாடி, நனைந்த கைலி. அவரைப் போலவே நெற்றி.

"அப்பாவுக்க சாதனம் இஞ்ச இருக்கா?"

கட்டை மேசைமேல் கிடந்தது. மறைக்க நேரமில்லை. அது வெறும் மரம்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாலும், என் கை பக்கத்திலிருந்த கொட்டாப்புளியைப் பிடித்துவிட்டது. மர அடிப்பான், அதை வைத்து என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

"பசை பிடிச்சிட்டா?" என்றான்.

"இன்னும் பாக்கல்ல."

"அவுத்துப் பாருங்க அக்கா."

ட்யூபை அவிழ்த்தேன். விரிசல் மூடி, ஒரு கோடு மட்டும் தெரிந்தது. அவன் விரலால் அந்தக் கோட்டின் மேல் போனான்.

"நான் ஒடச்சது."

எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் சொன்னேன். "ஒருத்தன் ஒடச்சதில்ல இது. இந்தக் கோடு எப்பிடிச் சுத்திப் போகுதுன்னு பாரு. ஒரு பக்கத்துலேருந்து மட்டும் பலம் வந்தா இப்பிடிப் போகாது. ரெண்டு பேரு ரெண்டு பக்கமா முறுக்கியிருக்கணும். விடாமப் பிடிச்சது நீ மட்டுமில்ல."

அவன் கட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ரொம்ப நேரம். பிறகு, பிதுங்கி இறுகிய பசையைக் காட்டி, இதை நான் தேய்க்கட்டுமா என்று கேட்டான். உப்புத்தாள் கொடுத்தேன். ரேகைக்குக் குறுக்கே தேய்க்கக்கூடாது என்று மட்டும் சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தான். ரேகையோடுதான் தேய்த்தான்.

கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். வீட்டில் மகனைக் காணாமல், ரப்பர் தோட்டத்திலும் கால்வாய்க் கரையிலும் தேடிவிட்டு ஓடிவந்திருக்கிறார். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. மகனின் கையில் கட்டையைப் பார்த்தார். குழல் வீட்டில் இருக்கிறது, தோட்டா வங்கியில் இருக்கிறது, அது அவருக்குத் தெரியும். இருந்தும் உள்ளே வர முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்தபடியே சரிந்து படியில் உட்கார்ந்துவிட்டார்.

மகன் நிமிரவில்லை. தேய்த்துக்கொண்டே சொன்னான்: "அப்பா, இத வீட்டுக்குக் கொண்டு வராதிங்க. இருந்தா நான் எடுப்பேன்."

"இல்ல மக்களே. கொண்டு வரமாட்டேன்."

சொல்லிவிட்டார். ஆனால் அந்த வீட்டில் மூன்று பேர் சாப்பிடுவது அந்தத் துப்பாக்கியால்தான். திங்கள்கிழமை, வெள்ளி வரைக்கும் லீவு சொல்லப் போனபோது மேனேஜரிடம், வேலை முடிந்ததும் இதை வங்கியிலேயே வைத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டிருக்கிறார். சொந்தத் துப்பாக்கிக்குச் சொந்தப் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை வேலையை முடித்தேன். நிறத்தைச் சேர்த்து, அரக்குப் பாலிஷ் நான்கு கை கொடுத்து, மெழுகு போட்டுத் துடைத்து வைத்திருந்தேன். அவர் வந்து கட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தேடினார். எங்கே உடைந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"இதக் காட்டினா ஒண்ணும் கேக்காமப் புதுப்பிச்சுத் தந்துருவாவ," என்றார். சந்தோஷமாகச் சொல்லவில்லை. "மக்களே, வெள்ளிக்கிழம நீ கூட வருவியா? தனியாப் போனா நான் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்துருவேன். என்னையப் பத்தி எனக்குத் தெரியும்."

கட்டையை அதுவரை கடையிலேயே வைத்திருந்து, கூடப் போனேன். அலுவலகத்தில் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கூப்பிட்டதும் அதிகாரி துப்பாக்கியை வாங்கி எண்ணைச் சரிபார்த்தார், திறந்து பார்த்தார், கட்டையைத் தடவினார்.

"நல்லாப் பேணி வெச்சிருக்கீங்களே. புதுசு மாதிரி இருக்கு. அடுத்த வாரம் வந்து வாங்கிக்கலாம்."

"வேண்டாம் சார்," என்றார் அவர். "திருப்பிக் குடுக்கணும்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். வங்கி வேலை போய்விடுமே என்றார். போகும் என்றார் இவர். அதிகாரி நல்ல மனிதர். ஒரு தாளை எடுத்துத் தள்ளினார். "காரணம் எழுதணும். வயசாயிட்டு, கண் சரியாத் தெரியலன்னு எழுதிக் குடுங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அவர் பேனாவை வாங்கினார். நான் பின்னால் நின்றேன். 'எனக்கு உடல்நிலை' என்று எழுதினார். அங்கே பேனா நின்றது. பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் பொறுமையில்லாமல் இருமினார். அவர் அந்த இரண்டு சொல்லையும் குறுக்கே அடித்தார். கீழே புதிதாக எழுதினார்: 'என் மகனுக்கு மன நோய். வீட்டில் துப்பாக்கி வைக்க இயலாது.' மகன் என்ற இடத்தில் பேனா அழுந்தித் தாள் கிழிந்தது.

அன்றே காவல் நிலையத்தில் துப்பாக்கியை ஒப்படைத்தார். அடுத்த நாள் மகனை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இரண்டு வாரத்தில் வங்கி வாசலில் வேறு ஒருவர் நின்றார். அதற்குள் ஊருக்கும் செய்தி தெரிந்துவிட்டது. பேச வேண்டியவர்கள் பேசினார்கள். சபையிலிருந்து சிலர் போய்ப் பார்க்கவும் செய்தார்கள். ஆறேழு மாதம் கழித்து அவர்கள் வீட்டை விட்டுவிட்டு, அவர் மனைவியின் தங்கை இருக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். மகன் அங்கே துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறான் என்று கேள்விப்பட்டேன். சில மாதங்கள் போகிறான், சில மாதங்கள் மறுபடி படுத்துக்கொள்கிறான். அவர் ஐஸ் கம்பெனி ஒன்றில் கேட் திறந்து விடுகிற வேலையில் இருந்து, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இறந்துபோனார். எனக்குத் தகவல் வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

அவரை நினைத்தால் இப்போதும் கண்ணில் நிற்பது அந்த ஆஸ்பத்திரியில் பார்த்ததுதான். மகனைச் சேர்த்து மூன்றாவது வாரம். வார்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. மடியில் ஒரு காலித் தட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"காலையில தோச வாங்கிக் குடுத்தேன்," என்றார். "தின்னுட்டு, இன்னும் ஒண்ணு வேணும்னு கேட்டான் மக்களே. நான் கேக்காமலே, அவனாட்டுக் கேட்டான்."

தட்டை என்னிடம் தந்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.